தேறாத மாணவர் டி.வி.ஜி.

பங்காருப்பேட்டை சந்திப்பிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை ரயிலில் ஏறினால், கடைசி நிலையத்திற்குச் சற்று முன்னால் சாம்பியன் என்ற சிறிய நிலையம் வரும். அதைச் சுற்றியுள்ள ஊரே சாம்பியன் ரீப்ஸ். கோலார் தங்கவயலின் மிக ஆழமான சுரங்கம் இவ்வூரின் அடியில் இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் ஆண்மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அங்கே செல்பவரின் கண்ணில் முதலில் படுவது, சாம்பல் நிறத்தில் குன்று குன்றாகக் கிடக்கும் சயனைடு மண்மேடுகளே.

ஒரு டன் பாறையை வெட்டி மேலே கொண்டுவந்து, மாவாக இடித்து, பாதரசத்தாலும் சயனைடு கரைசலாலும் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது சில கிராம் தங்கம். மற்றதெல்லாம் மேட்டில் கொட்டப்படும். சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் இங்கிருந்து போயிற்று. மேடுகள் மட்டும் தங்கிவிட்டன.

20ஆம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில், சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் வந்த மின்சாரம் தங்கவயலுக்குப் புதுமையாக இருந்த காலத்தில், இங்கே வேலை தேடி ஓர் இளைஞர் வந்தார். வயது இருபதுக்குள். ஊர் பக்கத்திலுள்ள முல்பாகல். மெட்ரிகுலேஷன் தேர்வில் தவறியவர். அந்நாளில் அந்த ஒரு தேர்வே கல்லூரிக்கும் சர்க்கார் உத்தியோகத்திற்கும் வாயில். அதில் தவறியவருக்கு இரண்டும் அடைபட்டுப் போகும். தங்கவயலில் சோடா தயாரிக்கும் ஓரிடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கும் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. அப்போது அவரைக் கண்டவர்கள், மேட்டில் கொட்டப்படும் மண்ணில் ஒரு கூடை என்றே அவரை எண்ணியிருப்பார்கள்.

அந்த இளைஞரே பிற்காலத்தில் கன்னட நாடு முழுவதும் டி.வி.ஜி. என்ற மூன்றெழுத்தால் போற்றிய தேவனஹள்ளி வேங்கடரமணய்ய குண்டப்பா. தமிழ் வாசகர்களுள் பலர் அவரது பெயரைப் பெங்களூர் பசவனகுடியிலுள்ள டி.வி.ஜி. சாலையின் பெயர்ப்பலகையில் மட்டும் கண்டிருக்கலாம். பள்ளி கைவிட்ட ஒருவர் தமக்குத் தாமே எவ்வாறு கல்வியைத் தேடிக்கொண்டார், அக்கல்வியை எந்த வேலைக்குச் செலவிட்டார், அதற்கு அவரும் அவரைச் சார்ந்தவர்களும் கொடுத்த விலை என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

1887 மார்ச் 17 அன்று முல்பாகலில் அவர் பிறந்தார். தந்தை வேங்கடரமணய்யா, தாய் அலமேலம்மா. முல்பாகல் சிறிய ஊர்தான். ஆனால் அனுமன் கோயிலும், ஸ்ரீபாதராஜரின் மடமும், இஸ்லாமியப் பெரியவர் ஒருவரின் தர்காவும் உள்ள ஊர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் உருதும் அதன் தெருக்களில் கலந்து ஒலித்தன. வேதம் ஓதியவரும் வண்டி ஓட்டியவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். குண்டப்பாவின் முதல் பள்ளி இந்தத் தெரு என்று சொன்னால் மிகையாகாது. அவர் மேற்படிப்புக்காக மைசூருக்குச் செல்வதில் வீட்டில் தயக்கம் இருந்தபோது, குடும்பத்திற்குப் பழக்கமான ரசூல் கான் என்னும் குதிரைவண்டிக்காரர் முன்வந்து பையனை அனுப்பிவைக்கத் துணைநின்றார் என்று சொல்வார்கள். எழுதப் படிக்கும் தொழிலோடு தொடர்பில்லாத ஒருவர் கல்வியின் பொருட்டுக் காட்டிய அக்கறை அது.

மைசூரில் மகாராஜா உயர்நிலைப் பள்ளியில் படித்தார். தேர்வு எழுதினார், தவறினார். அத்துடன் ஏட்டுப்படிப்பு முடிந்தது. அதற்குள் பாகீரதம்மாவுடன் திருமணமும் ஆகியிருந்தது. சொந்த ஊரில் சிறிது காலம் தற்காலிக ஆசிரியர் வேலை, தங்கவயலில் சோடா வேலை, பிறகு பெங்களூருக்கு வந்து குதிரைவண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறையில் சில நாட்கள் என்று அவரது இளமை அலைந்தது. அந்த அலைச்சலை உயர்வாக வருணிக்க வேண்டியதில்லை. பிழைப்புக்கு வழி தேடிய எண்ணற்ற இளைஞர்களுள் அவரும் ஒருவர். பசிக்காக அலைந்தார்.

1907 வாக்கில் பெங்களூரில் செய்தித்தாள் வேலை கிடைத்தது. இங்கேதான் அவரது உண்மையான கல்வி தொடங்குகிறது. அது தொடங்கிய முறையைக் கவனிக்க வேண்டும். அவர் முதலில் நிறையக் கற்றுக்கொண்டு பின்பு வேலைக்கு வரவில்லை. வேலை முன்னால் வந்து நின்றது. அதைச் செய்வதற்கு எது தெரிய வேண்டுமோ அதைத் தேடி அவர் சென்றார். மைசூர் சமஸ்தானத்தின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி எழுதவேண்டுமானால் பொருளாதாரம் தெரிய வேண்டும். 1881இல் தொடங்கப்பட்ட மைசூர்ப் பிரதிநிதி சபையின் கூட்டத்தைப் பற்றி எழுதவேண்டுமானால், பிரதிநிதித்துவம் என்றால் என்ன, அதன் எல்லை எது என்று தெரிய வேண்டும். எனவே அவர் பர்க், மில், மார்லி முதலிய ஆங்கில அரசியல் சிந்தனையாளர்களைப் படித்தார். சட்ட நூல்களைப் படித்தார். ஆசிரியர் இல்லை, பாடத்திட்டம் இல்லை, நாளை காலைக்குள் கட்டுரை வேண்டும் என்ற நெருக்கடி மட்டும் இருந்தது. நன்றாகப் படிக்காமல் எழுதினால் மறுநாள் ஊரே அறிந்துகொள்ளும். இதைவிடக் கடுமையான தேர்வாளர் யார்?

1908இல் மைசூர் அரசு பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பல இதழ்கள் நின்றுபோயின. தொழிலுக்குள் நுழைந்த மறுகணமே தொழிலின் கழுத்து நெரிக்கப்பட்டதை அந்த இளைஞர் கண்டார். அதிகாரத்திற்கும் பேனாவுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து அவரை விட்டு நீங்கவில்லை. மைசூரின் முதல் பெரும் திவான்களுள் ஒருவரும், பிரதிநிதி சபையை ஏற்படுத்தியவருமான சி. ரங்காசார்லுவின் வாழ்க்கையை எழுதினார். 1913இல் 'கர்நாடகா' என்ற ஆங்கில இதழைப் பெங்களூரிலிருந்து சொந்தமாக நடத்தத் தொடங்கினார். வாரம் இருமுறை வெளிவந்த அவ்விதழைச் சமஸ்தானத்தின் பெரிய அதிகாரிகள் தவறாமல் படித்தார்கள். சில சமயம் அஞ்சியும் படித்தார்கள். மெட்ரிகுலேஷனில் தவறியவர் ஆங்கிலத்தில் ஆசிரியவுரை எழுதினார். பட்டம் பெற்றவர்கள் அதற்கு விடை தேடினார்கள்.

அக்காலத்துத் திவான் சர் எம். விசுவேசுவரய்யா. 1912 முதல் 1918 வரை அப்பதவியில் இருந்தார். அவரும் பழைய கோலார் மாவட்டத்தைச் சேர்ந்தவரே. இருவருக்கும் ஒருவர்மீது ஒருவர் பெருமதிப்பு. ஆயினும் திவானின் அரசு பத்திரிகையாளர்களுக்கு அளித்த சன்மானங்களை டி.வி.ஜி. ஏற்க மறுத்தார். சர்க்காரைப் பற்றி எழுதுகிறவன் சர்க்காரிடம் பணம் வாங்கலாகாது என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட நியமம். அது யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்த பத்திரிகை தர்மம் அல்ல. அப்படியொரு பாடம் அந்நாளில் எந்தக் கல்லூரியிலும் இல்லை. பிற்காலத்தில் செய்தித்தாள் தொழிலைப் பற்றிக் கன்னடத்தில் அவர் ஒரு நூலே எழுதினார்.

அரசியலில் அவருக்கு வழிகாட்டியாக விளங்கியவர் கோபாலகிருஷ்ண கோகலே. கோகலேயின் சீடரும், தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் பிறந்தவருமான வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் அவருக்கு நெருங்கிய நண்பரானார். பொதுவாழ்வும் ஓர் ஆன்மிக சாதனையே, அதற்குத் தூய்மையும் தயாரிப்பும் வேண்டும் என்ற கோகலேயின் எண்ணம் டி.வி.ஜி.யின் உள்ளத்தில் வேரூன்றியது. இந்தத் தயாரிப்பு என்ற சொல்லே அவரது வாழ்க்கையைத் திறக்கும் சாவி என்று எனக்குத் தோன்றுகிறது. எதைப் பேசினாலும் அதற்கு முன்னால் படித்துவிட்டு வா என்பதே அவர் தமக்கும் பிறருக்கும் சொன்னது.

சமஸ்தானங்களின் பிரச்சினை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தியாவுக்குப் புதிய அரசியலமைப்பு வேண்டும் என்ற பேச்சு வளர்ந்தபோது, ஆங்கிலேயரும் மன்னர்களும் தங்களுக்குள் உடன்படிக்கை பேசிக்கொண்டார்கள். மன்னர்களின் ஆட்சியில் வாழ்ந்த மக்களின் குரல் எங்கும் கேட்கவில்லை. டி.வி.ஜி. பல ஆண்டுகள் ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் தேடிப் படித்து, மன்னருடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் மக்களும் ஒரு தரப்பே என்ற நிலையை வற்புறுத்தி ஆங்கிலத்தில் எழுதினார். இந்திய அரசியலமைப்பில் சமஸ்தானங்களும் அவற்றின் மக்களும் பெறவேண்டிய இடத்தைப் பற்றிய அவரது நூல் 1931இல் வெளிவந்தது. அதற்கு முன்பே மைசூர்ச் சட்ட மேலவையில் உறுப்பினராகியிருந்தார்; 1940 வரை அங்கே பணிபுரிந்தார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் செனட் சபையிலும் நெடுங்காலம் இருந்தார். எந்தப் பல்கலைக்கழகத்திற்குள்ளும் மாணவராக நுழையாதவர் அங்கே அமர்ந்து கல்வித்திட்டங்களைப் பற்றி ஆலோசனை வழங்கினார்!

வேதாந்தத்தை அவர் கற்ற விதம் வேறு. அரசியலுக்கு நூல்கள் போதுமானவை. சாஸ்திரத்திற்கு அவை போதா என்பதை அவர் அறிந்திருந்தார். பெங்களூரில் ஹானகல் விரூபாட்ச சாஸ்திரி போன்ற பண்டிதர்களை நாடிச் சென்று, மாணவனாகக் கீழே அமர்ந்து பாடம் கேட்டார். பகலில் பத்திரிகை ஆசிரியர், பிற நேரத்தில் சாஸ்திர மாணவர். தானாகக் கற்றவர்களிடம் சில வேளை ஒரு கர்வம் தலைகாட்டும். யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். டி.வி.ஜி.யிடம் அது இல்லை. தமக்குத் தாமே ஆசிரியராக இருப்பதென்றால், யாரிடம் எதைக் கேட்கவேண்டும் என்று அறிந்து அங்கே போய்க் கேட்பதே என்று அவர் கொண்டார். தாம் யார் யாரிடம் எதைக் கற்றோம் என்பதையும் அவர் மறக்கவில்லை. அந்த நினைவுகளே பிற்காலத்தில் 'ஞாபக சித்திரசாலை' என்ற பெயரில் எட்டுப் பகுதிகளாக வளர்ந்தன. அதில் திவான்கள் உண்டு. வேத பண்டிதர்கள், இசைக்கலைஞர்கள் உண்டு. யாரும் அறியாத முல்பாகல் மனிதர்களும் அவர்களோடு சம ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

இனி, விலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பணத்தை ஒதுக்கிய ஒருவரின் வீட்டில் அரிசி எங்கிருந்து வரும்? பத்திரிகை நடத்தி அவர் சேர்த்தது கடனும் நண்பர்களுமே. ஒரு சமயம் உறவினர் வீட்டு விசேஷத்திற்குப் பாகீரதம்மா போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாராம். காரணம் கேட்டபோது, இருக்கும் ஒரே நல்ல சேலையும் கிழிந்து தைக்கப்பட்டது என்றும், அதை உடுத்திச் சபையில் நின்றால் கணவரின் பெயருக்கு இழுக்கு என்றும் அவர் கருதியது தெரியவந்தது என்று சொல்வதுண்டு. இந்தச் செய்தியைப் பலரும் அந்த அம்மையாரின் பெருமைக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். அது பெருமைதான். ஆனால் கணவர் எடுத்துக்கொண்ட விரதத்தின் பாரத்தை மனைவி சுமந்தார் என்பதும் அதிலேயே இருக்கிறது. துறவி தம் வறுமையைத் தாமே தேர்ந்துகொள்கிறார். இல்லறத்தாரின் வறுமையைக் குழந்தைகள் தேர்ந்துகொள்வதில்லை. டி.வி.ஜி. இதை உணராதவர் அல்லர். உணர்ந்தும் தம் நியமத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அது சரியா என்று இன்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தாண்டி அவரைப் புகழ்வதும் எளிதன்று.

1924இல் பாகீரதம்மா தீ விபத்தில் காலமானார். டி.வி.ஜி.க்கு அப்போது வயது 37. சிறு குழந்தைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகளும் அந்த இழப்போடு வாழ்ந்தார். அவரது முதல் கவிதைத் தொகுதியான 'வசந்த குசுமாஞ்சலி' 1922இல் வந்திருந்தது. மனைவியின் மறைவுக்குப் பிறகு அவரது எழுத்தில் துயரம் ஒரு பொருளாக மட்டும் இல்லாமல் தொனியாகவே படிந்தது. உமர் கய்யாமின் பாடல்களை அவர் கன்னடத்தில் ஆக்கியதையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். வேதாந்தி ஒருவர் ஏன் கய்யாமிடம் போனார் என்று வியந்தவர்கள் உண்டு. வாழ்க்கையின் நிலையாமையை இருவேறு வழிகளில் பேசிய குரல்கள் அவருக்கு அந்நியமாக இருந்திருக்க முடியாது.

வேறொரு பக்கமும் அவருக்கு இருந்தது. நல்ல உணவில், நல்ல இசையில், நகைச்சுவையான உரையாடலில் திளைத்தவர். பேலூர்ச் சென்னகேசவர் கோயிலில் தூண்களின் மேல் சாய்ந்து நிற்கும் கல்மங்கையரின் அழகில் ஈடுபட்டு, 'அந்தப்புர கீதம்' என்ற இசைப்பாடல் தொகுதியை இயற்றினார். ஒவ்வொரு சிற்பத்தையும் ஒரு பக்தையின் மனநிலையாகக் கண்ட பாடல்கள் அவை. உலகத்தை வெறுத்தவர் எழுதக்கூடிய நூல் அன்று.

1943இல், அவரது 56ஆம் வயதில், 'மங்குதிம்மன கக்க' வெளிவந்தது. நான்கு நான்கு அடிகளாக 945 பாடல்கள். கன்னட மக்களின் வீடுகளில் அது பெற்ற இடத்தைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கவேண்டுமானால் நம் வீடுகளில் திருக்குறளுக்கு உள்ள இடத்தை எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். கன்னடத்தின் பகவத்கீதை என்றே அதைச் சொல்கிறவர்கள் உண்டு. பிரம்மம், மாயை, விதி, தர்மம் ஆகிய பெரிய பொருள்கள் எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் அவை சமையலறை, சந்தை, வயல், மழை ஆகியவற்றின் நடுவே வருகின்றன. பாடல்கள் மங்குதிம்மன் என்ற பெயரை விளித்து முடியும். மங்கு என்றால் மந்தபுத்தி. திம்மன் என்பது கிராமத்தில் தெருவுக்கு நால்வருக்கு இருக்கும் பெயர். கக்க என்றால் பொருளற்ற நீண்ட பிதற்றல். மந்தபுத்தித் திம்மனின் பிதற்றல்! தம் வாழ்நாளின் ஆழ்ந்த சிந்தனையை வைப்பதற்கு அவர் தேர்ந்துகொண்ட பாத்திரம் அது.

தேர்வில் தவறிய மாணவரை உலகம் எந்தப் பெயரால் அழைத்திருக்குமோ அந்தப் பெயரையே அவர் எடுத்துத் தம் ஞானிக்குச் சூட்டினார். இது தற்செயலா, திட்டமா என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. ஆனால் அந்தப் பெயரின் பின்னால் நின்றதால் அவருக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது. பண்டிதன் சந்தேகப்படக் கூடாது, மந்தபுத்திக்காரன் படலாம். கடவுள் இருந்தால் இந்தத் துன்பம் ஏன் என்று பண்டிதன் கேட்டால் நாத்திகம் ஆகிவிடும். திம்மன் கேட்டால் அது வெறும் கேள்வி. விடை கிடைக்காத இடங்களில் விடை கிடைக்கவில்லை என்றே சொல்லிவிட்டு, கையிலிருக்கும் வேலையைச் செய்யத் திரும்பிவிடுகிறான் திம்மன். ஆறுதல் சொல்லும் நூல்கள் பல உள்ளன. வாசகரோடு சேர்ந்து குழம்பத் தயங்காத நூல்கள் குறைவு. மக்கள் அதை மனப்பாடம் செய்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1945இல் அவர் பெங்களூரில் கோகலே பொதுவிவகார நிறுவனத்தைத் தோற்றுவித்தார். புல் டெம்பிள் சாலையில், நரசிம்மராஜா காலனியில் அது அமைந்தது. இந்த நிறுவனத்தைப் பற்றிச் சொல்லாமல் அவரது கல்வியைப் பற்றிச் சொல்லியதாகாது. அங்கே ஒரு நூலகம். ஒரு வாசிப்பு வட்டம். மாணவர்கள், வழக்கறிஞர்கள், குமாஸ்தாக்கள், ஓய்வுபெற்றவர்கள் வந்து அமர்வார்கள். ஒரு நாள் உபநிடதம், மறுநாள் ஷேக்ஸ்பியர், இன்னொரு நாள் அரசியல் சாசனம். கட்டணம் இல்லை. சான்றிதழ் இல்லை. முடிவில் தேர்வும் இல்லை! தேர்வால் கல்வியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் கட்டிய பள்ளியில் வேறெப்படி இருக்கும்? ஆனால் படிக்காமல் வந்து கருத்துச் சொல்பவர்களுக்கும் அங்கே இடமில்லை. ஒரு சொல்லின் பொருளை முழுதும் ஆராயாமல் அடுத்த சொல்லுக்குப் போக அவர் விடமாட்டார்.

கற்பிப்பதும் அவருக்குக் கற்றலின் ஒரு வகையாகவே இருந்தது. இந்த வட்டத்தில் அவர் நடத்திய கீதை வகுப்புகளிலிருந்து உருவானதே அவரது கீதை விளக்கம். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஜீவன தர்ம யோகம்'. வாழ்க்கையை விட்டு ஓடுகிறவனுக்காக அன்றி, வாழ்க்கைக்குள் நிற்கிறவனுக்காகக் கீதை சொல்லப்பட்டது என்பதே அதன் நோக்கு. வரி கட்டுகிறவன், வாக்களிக்கிறவன், நோயாளித் தாயைப் பார்த்துக்கொள்கிறவன், அலுவலகத்தில் நேர்மையோடு இருக்க முயன்று தோற்கிறவன் ஆகியோர் எல்லாம் அவருக்கு அர்ச்சுனர்களே. அறுபது ஆண்டுகளுக்கு முன் தங்கவயலில் வேலை தேடி நின்ற இளைஞரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்திருப்பார். இந்நூலுக்கு 1967இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1961இல், மைசூர்ப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியிருந்தது. அவர் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் அது ஒன்றே.

அவரது மகன் பி.ஜி.எல். சுவாமியைச் சென்னை நன்கறியும். தாவரவியல் அறிஞர், சென்னை மாநிலக் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராகவும் பின்பு முதல்வராகவும் இருந்தவர். தந்தையின் குணம் அவரிடமும் இருந்தது. வீட்டிலேயே நுண்ணோக்கியை வைத்து ஆராய்ச்சி செய்து முன்னேறியவர். பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இர்விங் பெய்லி என்ற பேராசிரியருடன் பணியாற்றினார். நாடு திரும்பித் தாம் கண்டறிந்த ஒரு செடிக்கு அந்த ஆசிரியரின் பெயரையே சூட்டினார். எழுத்திலும் அவர் தந்தைக்குச் சளைத்தவர் அல்லர். மலைகளில் மாணவர்களோடு செடி தேடி அலைந்த அனுபவங்களைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் அவரது 'ஹசுரு ஹொன்னு' என்ற கன்னட நூல் 1978இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பசும்பொன் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்லலாம். தந்தை தங்கவயலில் தேடாத பொன்னை மகன் காட்டில் கண்டார் போலும்.

1970இல் பெங்களூரில் டி.வி.ஜி.க்குப் பெரிய பாராட்டு விழா நடந்தது. மக்கள் மகிழ்ந்து ஒரு பெருந்தொகையை நிதியாக அளித்தார்கள். அவர் அதை வாங்கி, அப்படியே கோகலே நிறுவனத்திற்குக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 83. அந்த வயதில் மருந்துக்கும் துணைக்கும் பணம் வேண்டியிருக்கும் என்று எண்ணித்தான் பலர் கொடுத்திருப்பார்கள். 1974இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. இறுதிவரை எழுதிக்கொண்டும் வாசிப்பு வட்டத்திற்கு வருகிறவர்களோடு பேசிக்கொண்டும் இருந்தார். 'கக்க'வின் பாணியில் அவர் எழுதியிருந்த மேலும் பல பாடல்கள், மருளமுனியன் என்ற இன்னொரு பித்தனின் பெயரில், அவருக்குப் பின்னரே நூலாயின.

1975 அக்டோபர் 7 அன்று அவர் மறைந்தார். அரசாங்கக் குழுக்களிலும் பிற இடங்களிலும் அவர் செய்த வேலைக்காகப் பல்வேறு காலங்களில் காசோலைகள் அனுப்பப்பட்டிருந்தன. அனுப்பியவர்களின் மனம் நோகக்கூடாது என்பதற்காக அவற்றை அவர் திருப்பி அனுப்பவில்லை. அவரது மறைவுக்குப் பிறகு வீட்டிலிருந்த பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அந்தக் காசோலைகள் வங்கிக்குப் போகாமல், காலங்கடந்து, அடுக்கிவைத்தபடியே இருந்தன என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள்.